பெண் வீட்டு மாலை

பொருளாளர் அதை நல்ல எண்ணத்தில்தான் செய்தார் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த மனிதரை யாரும் மன்னிக்க மாட்டீர்கள். சாமி கல்யாணத்துக்கென்று ஊரிலிருந்து விமானத்தில் வந்து இறங்கிய மாலைகளை முந்தின நாளே போய் வாங்கி வந்தார். பத்திரமாக இருக்கட்டும் என்று மண்டபத்துச் சமையலறையில் வைத்தார். ஃபிரிட்ஜில் இல்லை, ஃப்ரீசரில். தேங்காய்த் துருவலுக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவில்.

வெளிநாட்டில் குடியேறிய நம்மவர்கள் எல்லாவற்றையும் உறைய வைத்தே குடித்தனம் நடத்துகிறவர்கள். ஊரிலிருந்து எது வந்தாலும் அது முதலில் போகிற இடம் ஃப்ரீசர்தான். தேங்காய் பிழைத்துக்கொள்கிறது, மாவிலைகூடத் தாக்குப் பிடிக்கிறது, பூ மட்டும் என்ன பாவம் செய்தது என்று பொருளாளர் நினைத்துவிட்டார்.

பங்குனி உத்திரத்தன்று காலையில் பெட்டியைத் திறந்தபோது மாலைகள் கண்ணாடியில் செய்தவை போல மின்னின. "பாருங்க, ஒரு இதழ் வாடலை!" என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். கூட்டம் கூடி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே பனி இளகியது. மல்லிகை பழுப்பாகி, ரோஜா கறுத்து, எல்லாம் சேர்ந்து வேகவைத்த கீரையாக அவருடைய முழங்கை வழியே வழிந்தது. பொருளாளர் முகமும் ஏறக்குறைய அதே நிறத்துக்கு வந்தது.

மண்டபம் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கீழே கம்பளக் கடை, மேலே நீளமாக ஓர் அறை. ஒரு கோடியில் மேடை, மறுகோடியில் சமையலறை. வாரநாட்களில் அங்கே கராத்தே வகுப்பு நடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் சிவனும் பார்வதியும் அலமாரியிலிருந்து வெளியே வந்து மேடையில் நிற்பார்கள். பங்குனிப் பௌர்ணமியும் உத்திர நட்சத்திரமும் கூடுகிற நாளில் இருவருக்கும் கல்யாணம். இந்த வருடம் அது ஞாயிற்றுக்கிழமையாகவே வாய்த்ததில் மண்டபம் நிரம்பி வழிந்தது. உச்சிப்பொழுதில் முகூர்த்தம். மாலை மட்டும் இல்லை.

கூச்சல் முழுவதும் பூக்கடை அக்காவுக்குக் கேட்டது. அவள் சமையலறைத் தொட்டியில் முழங்கை வரை நுரையோடு ஓர் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தெருப் பூக்கடையில் வேலை செய்கிறவள் என்பதால் அந்தப் பெயர். பிறந்தநாளுக்கு, கல்யாணத்துக்கு, சாவுக்கு என்று எல்லாவற்றுக்கும் பூ கட்டுவாள். சாவுக்குத்தான் அதிகம்.

அந்த மண்டபத்தில் மாலை மாற்றுவது சடங்கு பாதி, பந்தயம் பாதி. ஜனங்கள் இரண்டாகப் பிரிந்து, இந்தப் பக்கம் பெண் வீடு, அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீடு என்று நின்றுகொள்வார்கள். வீட்டுக்கு ஒருவர் மாலையை ஏந்தி எதிரெதிரே ஆடி வருவார்கள். நெருங்குவார்கள், விலகுவார்கள், கொடுப்பது போலக் கொடுத்து ஏய்ப்பார்கள். மூன்றாம் முறை மேளம் உச்சத்துக்குப் போனதும் மேடையை நோக்கி ஒரே ஓட்டம். குருக்கள் கையில் எந்த வீட்டு மாலை முதலில் சேர்கிறதோ அந்த வீட்டுக்கு அடுத்த பங்குனி வரை ராஜ்ஜியம். தோற்ற வீட்டார் வருடம் பூரா வாயைத் திறக்க முடியாது.

முன்பெல்லாம் பெண் வீட்டு மாலை அக்காவின் கையில்தான். மாப்பிள்ளை வீட்டு மாலை அவள் புருஷன் கையில். அந்த மனிதர் ஆள் வாட்டசாட்டம், ஆட்டம் சுத்த மோசம். மூச்சு வாங்கும், வேட்டி தடுக்கும், கடைசி அடியில் தடுமாறுவார். ஒவ்வொரு வருடமும் அவள்தான் ஜெயித்தாள். ஜெயித்ததை அடுத்த பங்குனி வரை சோறு போடும்போதெல்லாம் சொல்லிக் காட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே சாப்பிடுவார்.

அவர் இறந்துபோன பிறகு அவளை யாரும் விலக்கவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. முதல் வருடம், "நீ உக்காரும்மா, மனசு சரியில்லாம இருக்கும்" என்றார்கள். அடுத்த வருடம், "சமையல்கட்டுல ஆள் பத்தலை" என்றார்கள். அதற்கடுத்த வருடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளாகவே தொட்டியருகே போய் நின்றாள். யாராவது முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். இப்படிப் பூப்போல நகர்த்திக்கொண்டு போய்ச் சமையலறையில் விட்டவர்களிடம் எதைக் கேட்பது? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த மாலையை மறுபடி கையில் ஏந்தி ஆட வேண்டும் என்று ஆசை இருந்தது. அதை நாத்தனாரைத் தவிர யாரிடமும் அவள் சொன்னதில்லை.

நாத்தனார் என்றதும் சிண்டு முடிகிறவள் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். புருஷனின் தங்கை இவள். பார்சல் வண்டி ஓட்டுகிறாள். அண்ணன் போன பிறகு அண்ணிக்காக ஊரோடு சண்டை போடத் தயாராக இருக்கிறவள், சண்டை கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தாள்.

மண்டபத் தலைவரும் அவர் மனைவியும் சமையலறைக்குள் வந்தார்கள். தலைவருக்குச் சமீபத்தில்தான் நெஞ்சில் ஆபரேஷன் ஆகியிருந்தது. மாடி ஏறவே தலைவரம்மா கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தார்.

"அம்மாடி, நீதான் எப்படியாவது மானத்தைக் காப்பாத்தணும். உங்க கடையில பூ கிடைக்குமா?" என்றார் தலைவர்.

"முதலாளியைக் கேட்டுப் பாக்கறேங்க."

"பூவை மட்டும் கொண்டு வந்து குடுத்துடும்மா. கட்டறதை நம்ம பொம்பளைங்க பாத்துக்குவாங்க" என்றார் தலைவரம்மா. குரலில் தேன் ஒழுகியது. நம்ம பொம்பளைங்க என்பதில் தான் சேர்த்தி இல்லை என்பது அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

நாத்தனாரின் வண்டியில் கடைக்குப் போனார்கள். தெருவோர மரங்கள் குளிர்காலம் முழுக்க விறகுபோல நின்றவை. அந்த வாரம்தான் இலைகூட வராமல் கிளை முழுக்க வெள்ளைப் பூவாக வெடித்திருந்தன. கடையில் மேஜை மேல் யாருடைய சாவுக்கோ பாதி கட்டின மலர்வளையம் கிடந்தது. சுற்றிலும் வாளி வாளியாகப் புது வசந்தத்தின் சரக்கு. மஞ்சள் டாஃபடில், சிவப்பு டூலிப், வெள்ளைச் சாமந்தி, நீளக் குச்சிகளில் இளஞ்சிவப்பு மொட்டு. முதலாளி போனில், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போ, நாளைக்குப் புது லோடு வருகிறது என்றுவிட்டார்.

வாளிகளை ஏற்றிவிட்டு நாத்தனார் வண்டிக் கதவைப் படாரென்று சாத்தினாள். "கொண்டு போய்க் குடுத்துட்டு மறுபடி அண்டா தேய்க்கப் போறீங்களா அண்ணி?"

"வேற என்ன பண்ணச் சொல்ற?"

"கேளுங்க."

"யார்கிட்ட?"

"எல்லார்கிட்டயும். வாய் இருக்குல்ல? எங்க அண்ணன் இருந்தப்போ எட்டு ஊருக்குக் கேக்குமே."

 அக்காவுக்குப் பயமாக இருந்தது. கேட்காத வரைக்கும் அடுத்த வருடமாவது கூப்பிடுவார்கள் என்று நம்பிக்கொண்டு இருக்கலாம். கேட்டு, எல்லோர் முன்னாலும் முடியாது என்று சொல்லிவிட்டால், அப்புறம் அந்த மண்டபத்துப் படியை எந்த முகத்தோடு மிதிப்பது?

வாளிகள் வந்து இறங்கியதும் நம்ம பொம்பளைங்க வட்டம் போட்டு உட்கார்ந்தார்கள். மல்லிகையைக் கண்ணை மூடிக்கொண்டு தொடுக்கிற கைகள்தான். ஆனால் டூலிப்புக்கு மல்லிகைக் காம்பா இருக்கிறது? முடிச்சை இறுக்கினால் கழுத்து ஒடிந்தது, இறுக்காவிட்டால் நழுவியது. டாஃபடிலின் தண்டிலிருந்து வழவழவென்று பால் ஒழுகியது. ஒருத்தி போனில் வீடியோ பார்த்துக் கட்டிய முழம், தூக்கிக் காட்டியதும் பொலபொலவென்று மடியில் உதிர்ந்தது. குருக்கள் கடிகாரத்தைப் பார்ப்பதும் ஜன்னலைப் பார்ப்பதுமாக நடந்தார். பொருளாளர் ஒரு மூலையில் யார் கண்ணிலும் படாமல் நிற்க முயன்றார். பசித்த வயிறோடு ஜனங்கள் காத்திருந்தார்கள்.

கடைசியில் தலைவரே சமையலறை வாசலுக்கு வந்தார். "அம்மாடி, நீயே கட்டிடேன்."

அக்கா நுரைக் கையைக் கழுவினாள். மண்டபத்துக்குள் வந்து, வாளிகளுக்கு நடுவில் நின்றாள்.  நாத்தனார் எதிரே சுவரில் சாய்ந்துகொண்டு, சொல்லுங்க என்பது போலப் புருவத்தை உயர்த்தினாள்.

"கட்டறேன். ஆனா கட்டின மாலையை நான்தான் கையில எடுப்பேன். பொண்ணு வீட்டுக்கு நான்தான் ஆடுவேன்."

 பின்னால் ஒருத்தி, "சாவுக்கு வளையம் கட்டற கை" என்று முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது. தலைவரம்மா எழுந்து வந்தார்.

"என்னைத் தப்பா நினைக்காதேம்மா. உன்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இது மங்கல காரியம். எங்க வீட்டுக்காரருக்கு இப்பதான் நெஞ்சைத் திறந்து தெச்சு அனுப்பிச்சிருக்காங்க. எனக்கு..." குரல் உடைந்தது. "எனக்குப் பயமா இருக்கும்மா."

இத்தனை வருடமும் மனசுக்குள் தலைவரம்மாவோடு சண்டை போட்டு வைத்திருந்தவள்தான் அக்கா. அந்தக் குரலைக் கேட்டதும் பாதிக் கோபம் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அதே பயத்தை அவளும் பட்டிருக்கிறாள்.

"உங்க பயம் எனக்குத் தெரியும்மா. நானும் எல்லாம் சரியாத்தான் பண்ணேன். விரதம் இருந்தேன், தாலிக்கு மஞ்சள் வெச்சேன், ஒரு வெள்ளிக்கிழமை விட்டதில்லை. அவர் போயிட்டார். எந்த விதவை எந்த மாலையைத் தொட்டதால அவர் போனார்? சொல்லுங்க."

 அக்கா குருக்கள் பக்கம் திரும்பினாள்.

"சாமி, வருஷா வருஷம் மைக்ல ஒரு கதை சொல்வீங்களே. அதை இப்ப சொல்லுங்க. இந்தக் கல்யாணம் ஏன் பங்குனியில நடக்குது?"

குருக்கள் தொண்டையைச் செருமினார். அந்தக் கதையை அவர் வருடம் தவறாமல் சொல்வார், பந்தி எப்போது என்ற யோசனையில் யாரும் கேட்க மாட்டார்கள். இன்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"சிவன் கண்ணை மூடித் தவத்துல உக்காந்துட்டார். உலகத்துல ஒண்ணும் துளிர்க்கலை. அவரை எழுப்ப மன்மதனை அனுப்பினாங்க. அவன் சிநேகிதன் வசந்தனைக் கூட்டிட்டுப் போனான். வசந்தன் கால் வெச்சதும் மரமெல்லாம் பூத்துது. மன்மதன் பூவை அம்பா விட்டான். சாமி நெத்திக்கண்ணைத் திறந்தார், மன்மதன் சாம்பலாயிட்டான்." நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தார். இதற்கு மேல் கதை எங்கே போகிறது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அவன் பொண்டாட்டி?"

"ரதி. அழுதுட்டே கிடந்தா. அப்புறம் பார்வதி தவம் இருந்து, பங்குனி உத்திரத்தன்னைக்குக் கல்யாணம் கூடுச்சு. தேவர்கள் எல்லாம் வந்தாங்க. ரதியும் வந்தா."

"எப்படி வந்தா? தாலியோடவா, தாலி இல்லாமலா?"

"இல்லாமத்தான்" என்றார் குருக்கள். அவர் குரல் தணிந்திருந்தது.

"எங்க நின்னா?"

"மணமக்களுக்கு முன்னாடி. நேரா சாமி கால்ல வந்து விழுந்தா. என் புருஷனைக் குடுன்னு கேட்டா. சாமி குடுத்தார். மத்தவங்க கண்ணுக்குத் தெரியாம, அவ கண்ணுக்கு மட்டும் தெரியறா மாதிரி குடுத்தார். மன்மதன் வந்தான், வசந்தமும் திரும்பி வந்துது. அதனாலதான் இது வசந்த காலத்துத் திருநாள்."

"அத்தனை தேவர்ல யாராவது ரதியைப் பாத்து, இது மங்கல காரியம், நீ பின்னாடி போய் அண்டா தேய்ன்னு சொன்னாங்களா சாமி?"

குருக்கள் தலையைக் குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஒரு தீர்மானம் இருந்தது. "இல்லை. ஒருத்தரும் சொல்லலை. சொல்லியிருந்தா இன்னைக்கு வசந்தமே இருந்திருக்காது. இத்தனை வருஷம் கதையைச் சொல்லிட்டு, கதை தெரியாதவன் மாதிரி இருந்துட்டேன். மாலையை நீங்கதான் எடுக்கணும்."

தலைவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். "என்னைப் பத்தி யாரும் கவலைப்படாதீங்க. இந்தக் கல்யாணம் நின்னாதான் எனக்கு மறுபடி நெஞ்சுவலி வரும்" என்றார். எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பி மண்டபம் முழுக்கப் பரவியது.

தலைவரம்மா சிரிக்கவில்லை. மேடையைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மஞ்சள் வாளியைத் தன் பக்கம் இழுத்து, அக்காவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"காம்பு எவ்வளவு நீளம் விடணும்?"

"ஒரு விரல்கடை விடுங்கம்மா" என்றாள் அக்கா. 

கீழே கம்பளக்கடைக்காரர் கம்பளத்தின் ஓரம் தைக்கிற சிவப்பு நூல்கண்டைக் கொடுத்தனுப்பினார். மலர்வளையத்துக்குச் செய்வது போலவே பூக்களைச் சின்னச் சின்னக் கொத்தாக்கி, ஒன்றின் காம்பை இன்னொன்றின் தலையால் மறைத்து, நூலால் வரிந்துகொண்டே போனாள். பெண்கள் கொத்து பிரித்துக் கொடுத்தார்கள். சாவு வளையம் என்று முணுமுணுத்தவள்தான் எல்லோரையும்விட வேகமாகக் கொடுத்தாள். மஞ்சளும் சிவப்புமாக இரண்டு மாலைகள் தடியாக எழுந்தன. நுனியில் இளஞ்சிவப்பு மொட்டுகள் குஞ்சமாகத் தொங்கின. அப்படி ஒரு மாலையை அந்த மண்டபம் கண்டதில்லை.

மாப்பிள்ளை வீட்டுக்கு இப்போதெல்லாம் ஆடுகிறவர் பொருளாளர். மாலையைத் தொடச் சொன்னதும் அவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "இனிமே பூவையே தொட மாட்டேங்க" என்றார். நாத்தனார் சுவரிலிருந்து நிமிர்ந்தாள்.

"குடுங்க இங்க. அது எங்க அண்ணன் இடம்." மாலையை வாங்கிக்கொண்டு அக்காவின் காதருகே குனிந்தாள். "அண்ணி, ஒண்ணு சொல்லணும். அண்ணன் வருஷா வருஷம் வேணும்னேதான் தோத்தான். என்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். நான் அவன் இல்லை. விட மாட்டேன்."

அக்காவுக்கு ஒரே நேரத்தில் அழுகையும் ஆத்திரமும் பொத்துக்கொண்டு வந்தன. இத்தனை வருடம் சோற்றோடு சேர்த்து அவள் சொல்லிக் காட்டிய வெற்றியெல்லாம் அந்த மனிதர் போட்ட பிச்சையா? "தடியன்!" என்றாள். "வாடி. பாத்துடலாம்."

ஒலிபெருக்கியில் மேளம் தொடங்கியது. பெண் வீட்டார் ஒரு பக்கம் கூவ, மாப்பிள்ளை வீட்டார் மறுபக்கம் கூவ, அக்கா மாலையைத் தலைக்கு மேல் ஏந்தி அடியெடுத்து வைத்தாள். கால் மறந்திருக்குமோ என்று பயந்திருந்தாள். மறக்கவில்லை. முதல் முறை நெருங்கி விலகினார்கள். இரண்டாம் முறை நாத்தனார் மாலையை நீட்டி வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். இழுத்தபோது உதட்டை ஒரு பக்கமாகக் கோணி ஒரு சிரிப்பு சிரித்தாள்.

அண்ணனின் சிரிப்பு அது. அச்சு அசல் அதே சிரிப்பு. மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அங்கே ஆடுவது நாத்தனார்தான். அக்காவின் கண்ணுக்கு மட்டும், மூச்சு வாங்கிக்கொண்டு, வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாட்டசாட்டமாக அவர் எதிரே நின்றார். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணீரைத் துடைக்கக் கை ஒழியாமல் அப்படியே விட்டுவிட்டாள்.

மூன்றாம் முறை மேளம் எகிறியது. நாத்தனார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். பார்சல் வண்டியை ஓட்டுகிறவள் எப்படி ஓடுவாளோ அப்படி ஓடினாள். அக்கா பக்கவாட்டில் ஒரு எட்டு ஏமாற்றி, மாலையை நெஞ்சோடு அணைத்து, புடவையை ஒரு கையால் வாரிக்கொண்டு பாய்ந்தாள். "விடாதேம்மா!" என்று தொண்டை கிழியக் கத்தியது தலைவரம்மா. பெண் வீட்டு மாலை குருக்கள் கையில் விழுந்தது. மாப்பிள்ளை வீட்டு மாலை ஒரு மூச்சு பிந்தி வந்தது.

கூரை பிய்ந்துகொள்ளும் போல ஆர்ப்பரித்தார்கள். கீழேயிருந்து கம்பளக்கடைக்காரர்கூட மேலே ஓடி வந்து பார்த்தார். நாத்தனார் மேடை விளிம்பில் உட்கார்ந்து இரைக்க இரைக்க, "நிஜமாத்தான் ஓடினேன் அண்ணி, சத்தியமா" என்றாள்.

தாலியைத் தட்டில் வைத்து, எல்லோரும் தொட்டுக் கும்பிடுவதற்காகத் தலைவரம்மா எடுத்து வந்தார். வழக்கமாக முதல் வரிசையின் இடது கோடியில் தொடங்கும் தட்டு அது. இன்று நேராக அக்காவிடம் வந்து நின்றது. "தொடும்மா" என்றார். அக்கா தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கெட்டிமேளம் முழங்க, மஞ்சளும் சிவப்புமாக இதழ்கள் மேடையெங்கும் பறந்தன.

பந்தி முடிந்ததும் பழக்கதோஷத்தில் அவள் கால்கள் சமையலறைக்கே போயின. தொட்டியருகே பொருளாளர் சட்டைக் கையை மடித்துவிட்டு, அண்டாவுக்குள் பாதி உடம்போடு தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக நின்றார்கள்.

"இங்க உங்களுக்கு என்னக்கா வேலை? இது தோத்த வீட்டு டிபார்ட்மெண்ட்" என்றார்.

அவள் திரும்பி மண்டபத்துக்கு வந்தாள். முன்வரிசையில் நடுவாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதைப் பார்த்து, "இந்தத் தடவை யாரும் விட்டுக் குடுக்கலை. நானே ஜெயிச்சேன்" என்றாள். சத்தமாகவேதான் சொன்னாள்.